முதல் நிலைச் சாலையில் ஒரு வாளிக்கடை

என் அண்ணிக்கு நான் எட்டாயிரம் பாக்கி. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. டயர் கடைக்கு முன்பணம் கட்ட வழியில்லாமல் நான் முழித்துக்கொண்டு நின்றபோது, தன் கடையில் தொங்கிய நீல வாளி ஒன்றை இறக்கி, அதன் அடியிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்து என் சட்டைப்பையில் திணித்தார். "போ, போய் கடையைப் போடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு என் வாசல்ல நிக்காதே, வர்ற ஆளு ஓடிடுவான்" என்றார். கடன் வாங்கிய கதை அவ்வளவுதான்.

இந்த ஊரில் என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம். என் டயர் கடையைத் தெரியாத லாரிக்காரர் இருக்க முடியாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குச் சலித்துவிட்டது. பஞ்சர் ஒட்டினேன், பழைய டயர் விற்றேன், இன்று மூன்று கடை, சொந்தக் கட்டிடம். நான் தானாக வளர்ந்தவன். இதை ஊரே சொல்லும். ஊர் மறந்துவிட்டால் நானே ஞாபகப்படுத்துவேன். ஆனால் அந்த எட்டாயிரம் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி. அடுத்தவர் கொடுத்த முதலில் வளர்ந்தவன் தானாக வளர்ந்தவன் ஆவானா? கடனை அடைத்துவிட்டால் ஆவான் என்பது என் கணக்கு. அண்ணி அடைக்க விடவில்லை. அதற்கு நான் பட்ட பாட்டைச் சொன்னாலே அண்ணி எப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை என்பது விளங்கிவிடும்.

தெரு முழுக்க அவரை வாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் லாரி டிரைவர்; மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அண்ணி முன் அறையைத் திறந்து பிளாஸ்டிக் சாமான் விற்க ஆரம்பித்தார். வாளிகள் விட்டத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். வாசலில் துடைப்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். குவளை, வடிகட்டி, துணிக் கிளிப், மிதியடி எல்லாம் நடைபாதையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாராவது முணுமுணுத்தால், "நீங்க நடக்கிற இடத்துல நான் வைக்கலீங்க, நான் வெச்ச இடத்துல நீங்க நடக்கறீங்க" என்பார். முணுமுணுத்த ஆளே சிரித்துக்கொண்டு ஒரு குவளை வாங்கிப் போவார்.

அந்தத் தெருவை நினைத்தால் இப்போதும் மனசு அங்கேயே போய் நின்றுகொள்கிறது. அகலமான தெருதான், ஆனால் யாருக்கும் அவசரம் கிடையாது. சைக்கிளை அண்ணி கடைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு எதிர்ப்பக்கம் முடி வெட்டிக்கொள்ளப் போவார்கள். முடி வெட்டுகிறவருக்குக் கத்திரி என்று பேர் வைத்திருந்தோம்; வாயும் அப்படித்தான். தெருவின் நடுவிலேயே இரண்டு ஸ்கூட்டர்கள் நின்று குடும்ப விஷயம் பேசும். பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடிக்காது. இறங்கி வந்து அதுவும் பேச்சில் கலந்துகொள்ளும். எதிர்வீட்டு டீச்சரம்மா, அடுப்பில் பால் இருக்கும்போதே தெருவைத் தாண்டி வந்து ஒரு வடிகட்டி வாங்கிக்கொண்டு, பால் பொங்குவதற்குள் திரும்பிவிடுவார். தெரு முனையில் நான். பக்கத்தில் ஒரு காலி மனை. அதில் புல்லும் என் பழைய டயர்களும்.

எங்களுக்கு இணையாக, இரண்டு வரிசை வீடு தள்ளி, இன்னொரு தெரு உண்டு. பேங்க் அங்கே, கண்ணாடிக் கதவு போட்ட துணிக்கடை அங்கே. அதனால் அவர்களுக்கு மூக்கு கொஞ்சம் மேலே. நாங்கள் அதை பேங்க் தெரு என்போம்; அவர்கள் எங்களை வாளித் தெரு என்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நகர அலுவலகத்திலிருந்து ஒரு என்ஜினீயரம்மா வந்தார். கையில் எப்போதும் சுருட்டிய வரைபடம் இருக்கும். மேப் மேடம் என்று பேர் வைத்துவிட்டோம். ஊரில் உள்ள தெருக்களை எல்லாம் வகை பிரிக்கப் போகிறார்களாம். இரண்டு தெருக்காரர்களையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, கடைக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடம் எனக்கு ஆகாது என்று அன்றைக்கும் நிரூபணம் ஆயிற்று.

மேடம் பலகையில் கோடு போட்டுச் சொன்னார். "ரோட்டுக்கு ரெண்டு வேலை. தூரமாப் போறவங்களை நிக்காம அனுப்பறது ஒண்ணு. வீட்டுக்கும் கடைக்கும் வர்றவங்களை வாசல் வரைக்கும் வர விடறது இன்னொண்ணு. ஒரே ரோடு ரெண்டையும் முழுசாச் செய்ய முடியாது. முதல் நிலைன்னா அது ஓட்டத்துக்கு. கடைசி நிலைன்னா அது வாசலுக்கு. நடுவுல இருக்கறது, சின்னத் தெருவுல இருந்து வண்டிகளைச் சேர்த்துக் கொண்டுபோய்ப் பெரிய ரோட்டுல விடறது. இப்ப உங்க ரெண்டு தெருவும் நடுவுலதான் இருக்கு. ஒண்ணை முதல் நிலைக்கு எடுக்கணும்."

அண்ணி எழுந்தார். "யாரை எடுப்பீங்க?"

"எந்தத் தெருவுல ஓட்டம் அதிகம்னு வண்டியை எண்ணிப் பார்ப்போம்மா. இதுல உயர்ந்தது தாழ்ந்தது கிடையாது. வேலை வேற, அவ்வளவுதான்."

"ரயில்லயும் அப்படித்தான் சொல்றீங்க. ஆனா முதல் வகுப்புக்குத்தான் மெத்தை போடறீங்க."

பள்ளிக்கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கத்திரி பெஞ்சைத் தட்டினார். நான் விசில் அடித்தேன். மேடம் ஏதோ தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், வாய் அசைந்தது தெரிந்தது. யார் காதில் விழுந்தது?

வெளியே வந்ததும் பேங்க் தெரு துணிக்கடைக்காரர் அண்ணியைப் பார்த்து, "முதல் நிலை எங்களுக்குத்தான். நீங்க வாளியைக் கழுவி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, எண்ணத்தானே போறாங்க? எண்ணட்டும். சக்கரம் இருக்கிறதெல்லாம் நம்ம தெருவுல ஓடணும்."

வண்டி எண்ணுகிற நாள் வந்தது. எங்கள் தெரு முனையில் ஸ்டூல் போட்டு ஒரு அம்மா உட்கார்ந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அழுத்தினால் எண் ஏறுகிற சின்னக் கருவி. அண்ணி அவருக்கு முதல் வேலையாக டீ கொடுத்தார். இரண்டாவது வேலையாகத் தெருவைக் கிளப்பினார். தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, பின்பக்கமாகப் போய் மறுபடி தெருவுக்குள் வரவேண்டும் என்பது திட்டம். கத்திரி ஸ்கூட்டரில் சுற்றினார். சுற்றுக்கு ஒரு சட்டை மாற்றினார். நான் சும்மா இருப்பேனா? என் கடைக்கு வந்த லாரிக்காரர்களிடம், "காத்து இலவசம். ரெண்டு ரவுண்டு போயிட்டு வா, பிடிச்சு விடறேன்" என்றேன். அன்றைக்கு நான் பிடித்த காற்றில் ஒரு பலூன் கம்பெனியே நடத்தியிருக்கலாம். வெளியூரிலிருந்து வந்து அசந்து தூங்கிய அண்ணனையும் அண்ணி விடவில்லை. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே லாரியை எடுத்தார். "டீசலுக்கு யார் குடுப்பா?" என்று கேட்டதற்கு, "மானத்துக்கு டீசல் கணக்குப் பார்க்கிற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது.

அண்ணி தானும் இறங்கினார். சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியின் பின்னால், ஒரு பச்சை பிளாஸ்டிக் அலமாரியைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டு, ஊர்வலம் மாதிரி வலம் வந்தார். எண்ணுகிற அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு குடையைச் சாய்த்து, "அம்மா, இந்த அலமாரியை இன்னும் எத்தனை தடவை வாங்குவீங்க?" என்றார்.

"கலர் பிடிக்கலம்மா. மாத்தப் போயிட்டிருக்கேன்."

"ஒவ்வொரு தடவையும் பச்சையாத்தான் வருது."

"கடைக்காரன் ஏமாத்தறான்."

"எனக்கென்ன, நான் சக்கரத்தை எண்ணற ஆளு" என்று சொல்லிவிட்டு அவர் கருவியை அழுத்தினார். அண்ணி வண்டிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஜெயித்தோம். வரைபடத்தில் எங்கள் தெரு முதல் நிலைச் சிவப்பாயிற்று. பேங்க் தெரு மஞ்சளிலேயே நின்றது. 'முதன்மைச் சாலை' என்று பலகை நட்ட அன்று அண்ணி தெரு முழுக்க டீ கொடுத்தார். துணிக்கடைக்காரருக்கு ஒரு சிவப்பு வாளி இலவசமாக அனுப்பி வைத்தார், கழுவி வைத்துக்கொள்ளச் சொல்லி. நான் கூடச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது மெத்தை இல்லை, சிமெண்ட். தெருவின் நடுவே இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடுப்புச் சுவர் போட்டார்கள். நடைபாதை ஓரம் இரும்புக் கம்பி வேலி. 'வண்டி நிறுத்தக் கூடாது' என்ற பலகை அண்ணி கடைக்கு நேர் எதிரே. பஸ் நிறுத்தத்தைப் புதிதாக வைத்த சிக்னலுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். நடைபாதையில் இருந்த துடைப்பமும் மிதியடியும் உள்ளே போயின. அப்புறம் லாரிகள் வந்தன. வெளியூர் லாரிகள், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத லாரிகள். வாளிகள் அந்தக் காற்றில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு இப்போது ஒரு வடிகட்டி வேண்டுமென்றால் சிக்னல் வரை நடந்து, பச்சை விழக் காத்திருந்து, தாண்டி, இந்தப் பக்கம் திரும்ப நடக்க வேண்டும். எந்தப் பால் காத்திருக்கும்? ஒரு நாள் அவர் தன் வாசலிலிருந்தே, "வாளியம்மா, ஒரு குவளை எவ்வளவு?" என்று கத்தினார். லாரி சத்தத்தில் விலை அவருக்குக் கேட்கவில்லை. அண்ணி விரலில் காட்டினார். அவர் தலையாட்டினார். அண்ணி வேலிக்கு மேல் எட்டி, குவளையைத் தூக்கி வீசினார். அது தடுப்புச் சுவரில் பட்டு ரோட்டில் விழுந்தது. ஒரு லாரி ஏறிப் போனது. அண்ணி விடுகிற ஆளா? இன்னொன்று வீசினார். அது டீச்சரம்மா காலடியில் போய் விழுந்தது. "காசை எப்படி வீசறது?" என்றார் அவர். "நாளைக்கு ரோடு தூங்கும்போது குடுங்க" என்றார் அண்ணி. ரோடு தூங்கவே இல்லை.

எனக்கு? எனக்கு அடித்தது யோகம். பக்கத்திலிருந்த காலி மனையை வாடகைக்குப் பிடித்து, பக்கச் சந்திலிருந்து லாரி உள்ளே வருகிற மாதிரி வாசல் வைத்தேன். ரோட்டில் நிறுத்தத்தானே கூடாது? என் மனையில் நிறுத்தினால் யார் கேட்பது? இந்த யோசனை படித்தவனுக்கு வராது. லாரிகள் வரிசையாக வந்தன. மனையை வாங்கினேன், கட்டினேன், இரண்டாவது கடை திறந்தேன். அதே வருஷத்தில் அண்ணியின் கடையில் வாளிகளின் மேல் தூசி படிந்தது. கத்திரி பேங்க் தெருவுக்கே குடிபோனார். அங்கே வண்டி நிறுத்தலாம், மனிதன் நிற்கலாம். துணிக்கடைக்காரர் அண்ணியின் சிவப்பு வாளியைத்தான் வாசலில் வைத்து, வருகிறவர்களின் குடைகளைப் போட்டு வைத்திருக்கிறார் என்று கத்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாயிரத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அண்ணி கடைக்குப் போனேன்.

"அண்ணி, உங்க எட்டாயிரம்."

"எந்த எட்டாயிரம்?"

"கடை போடக் குடுத்தீங்களே."

"அது கடையைப் போட்டுடுச்சே. அப்புறம் என்ன?"

"கடன் அண்ணி. நான் யார்கிட்டயும் கடன்படற ஆளு இல்ல."

"என்கிட்டப் பட்டிருக்கியே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தம்பி, நல்லாக் கேளு. கடை படுத்த நேரத்துல உன் காசை வாங்கினா, நஷ்டத்துக்கு நீ குடுத்த மாதிரி ஆயிடும். என் கடையை யாரும் கெடுக்கல. இந்த ரோட்டை அலமாரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கூட்டிட்டு வந்தவ நான்தான். நானே அனுபவிக்கிறேன். நீ போ."

விடவில்லை நான். ஒரு முறை கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் என் கடையில் ஒரு டயருக்குள் கவர் கிடந்தது. அண்ணனிடம் கொடுத்தேன். "அவ பணத்தை அவகிட்டக் குடு. நடுவுல என் மேல லாரி ஏத்தாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது கடையும் திறந்த பிறகு, வட்டி போட்டுத் தருகிறேன் என்றேன். "கடன் இருக்கிற வரைக்கும்தான் உன்னை அதட்ட எனக்குப் பாத்தியதை. மூணு கடை முதலாளியை எட்டாயிரத்துக்கு அதட்டலாம்னா மலிவுதானே" என்றார். ஊர்க்காரர்கள் முன்னால் நான் தானாக வளர்ந்தவன் என்று மார்தட்டும்போதெல்லாம், அண்ணி தூரத்தில் நின்று தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான், மார்தட்டிய கை இறங்கிவிடும்.

கவர் மட்டும் என் சட்டைப்பையிலேயே இருந்தது. சட்டை மாறும், கவர் மாறாது.

ஒரு காலை அண்ணி என் கடைக்கு வந்து, "வண்டியை எடு. மேப் மேடத்தைப் பார்க்கணும்" என்றார். சரி, ரோட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் சுவர் முழுக்க ஒரே வரைபடம். சிவப்புக் கோடு, ஆரஞ்சு, மஞ்சள், சாம்பல். மேடத்துக்கு முடி கொஞ்சம் நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். அண்ணி உட்காரவில்லை.

"மேடம், இருக்கிறதுலயே கடைசி நிலை எது?"

மேடம் விழித்தார். "ஏம்மா?"

"எனக்கு அதுல ஒண்ணு வேணும்."

மேடம் சாம்பல் கோடுகளைக் காட்டினார். "இதெல்லாம் குடியிருப்புத் தெரு. வண்டி மெதுவாப் போகும், எங்க வேணும்னாலும் நிக்கும்."

"என் வீட்டுக்குக் கிட்ட எது?"

அண்ணி வீட்டுக்குப் பின்பக்கச் சந்தின் மேல் விரல் நின்றது. அண்ணி கிட்டே போய் மூக்கை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். "இதையும் ஒரு நாள் சிவப்பாக்கிடுவீங்களா?"

"முடியாது. பாருங்க, ரெண்டு தடவை வளைஞ்சு முட்டுச்சுவர்ல நிக்குது. இதுக்குள்ள வர்ற லாரி எங்கயும் போய்ச் சேராது." மேடம் சிரித்தார். "அந்த அலமாரி அம்மா நீங்கதானே? எங்க ஆபீஸ்ல இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க."

அண்ணி தலை குனிந்தார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சிரிங்க. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

"அட, நீங்க சுத்தலேன்னாலும் அந்த ரோடுதாம்மா. அகலம் அதுல அதிகம், ரெண்டு முனையும் பெரிய ரோட்டுல போய்ச் சேருது. பேங்க் தெரு பாதியிலயே குறுகிடுது. எண்ணிக்கை பத்துல ஒரு விஷயம். ஒரே வண்டி திரும்பத் திரும்ப வந்ததைக் கழிச்சுட்டுத்தான் பார்த்தோம். இதை எல்லாம் நான் அன்னைக்கே பள்ளிக்கூடத்துல சொன்னேன். நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க."

அண்ணி குனிந்த தலையை நிமிர்த்தினார். பிறகு கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் வெயில்ல சுத்தினதெல்லாம் கணக்குலயே இல்லையா?"

"இல்லைம்மா."

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவை இருக்கும்."

படி இறங்கும்போது அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கேட்டியா தம்பி? இத்தனை வருஷமா ஒரு ரோட்டையே நான் கொண்டு வந்தேன்னு நெனச்சு, ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். அவங்க என்னைக் கழிச்சே விட்டுட்டாங்க."

வண்டியை அவர் வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. பின்பக்கச் சந்துக்கு விடச் சொன்னார். முதல் வளைவில் ஒரு வீட்டின் முன் அறை பூட்டிக் கிடந்தது. எதிரே இரண்டு பெண்கள் ரோட்டின் நடுவில் நாற்காலி போட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். என் வண்டிக்கு வழிவிட நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. நான்தான் சுற்றிப் போனேன். வீட்டுக்காரம்மா சாவியோடு வாசலில் வந்து நின்றார். ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறார் அண்ணி! மேடத்திடம் போனது இந்தச் சந்து சிவப்பாகாது என்று உறுதி செய்துகொள்ளத்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"முன்பணம் கொண்டு வந்தீங்களா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"கொண்டு வந்திருக்கேன்" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். "ஏன்டா தம்பி, என் கடன் எங்கே?"

"இப்ப மட்டும் வாங்கலாமா?"

"இப்ப என் மேல பழி இல்ல. உன் காசு எனக்கு நஷ்டஈடும் இல்ல. என் காசு, எனக்கு வேணும். எடு."

கையை நீட்டினார். வாளிக் கம்பி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கை. கவரைப் பிரித்தேன். பையிலேயே கிடந்ததில் நோட்டுகள் என் உடம்பு வளைவுக்கு வளைந்திருந்தன. ஒவ்வொன்றாக நீவி, வாய்விட்டு எண்ணி வைத்தேன். துணி மடித்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். சாட்சி இல்லாமல் வாங்கிய கடன், இதற்காவது சாட்சி இருக்கட்டும். ஏழாயிரம் தாண்டியதும் ஏனோ என் குரல் இறங்கிவிட்டது. கடைசி நோட்டு விரலிலேயே நின்றது.

"என்னடா, கை வரலையா? மூணு கடை முதலாளி! வை" என்று அதட்டினார் அண்ணி.

வைத்தேன்.